புகழ்ந்தால் போச்சு

அத்தியாயம் 14

மேனேஜர் துவான் தேக்லேவைத் திட்டுவதை நிறுத்தி ஒரு வாரமாகிறது. அவளை இரவெல்லாம் புரளவைத்தது அதுதான்.

வேறு யாராவது என்றால் அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் ஜார்ஜிய ஒயினை இறக்கி விற்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. துவான் யாரைத் திட்டுகிறாரோ, அவர் நம் ஆள். யாரைப் புகழ்கிறாரோ, அவர் விருந்தாளி. விருந்தாளி என்றைக்காவது கிளம்பித்தானே ஆகவேண்டும்?

போன வருடம் பயிற்சிக்கு வந்திருந்த துருக்கிக்காரனைத் துவான் வானளாவப் புகழ்ந்தார், போட்டோ எடுத்துக்கொண்டார், கையில் ஒரு டப்பா தேயிலையைக் கொடுத்து விமானத்தில் ஏற்றிவிட்டார். பக்கத்து மேசை ஷ்வே நிங்கையோ கழிவறையில் போய் அழுகிற அளவுக்குத் திட்டினார். அவளுக்குத்தான் வேலை நிரந்தரமாயிற்று. "அவர் வாயில திட்டு வரலைன்னாதான் பயப்படணும்" என்று தேக்லேவுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவளே.

தேக்லேவின் பயிற்சிக்காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஜார்ஜியாவின் தெலாவி ஊர்ப் பெண். திபிலிசியில் நான்கு வருடம் முட்டி மோதிச் சீன மொழி படித்துவிட்டு இங்கே வந்தவள். மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை, விசா எல்லாம் தானாக நடக்கும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் சொல்லக் காணோம்.

இந்த நேரம் பார்த்து அவள் அம்மா மக்வாலா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியதைப் போன வாரம் பார்த்தோம். கைப்பையில் திரும்பிப் போக இரண்டு டிக்கெட். ஒன்று அம்மாவுக்கு, இன்னொன்று யாருக்கு என்று கேட்கவும் வேண்டுமா? இன்று மாலை விமானம்.

காலையில் மெங் சித்தி சந்தையிலிருந்து மீனோடு வந்தாள். இந்தப் பழைய நகரத்து மேட்டுத் தெருவில், அவள் வீட்டு அறையில்தான் தேக்லே இத்தனை மாதமாக வாடகைக்குத் தங்கியிருக்கிறாள். சித்தி வாயில் அவள் பெயர் 'ஷியாவ்தே', அதாவது குட்டித் தே, என்று சுருங்கிவிட்டது. நம் வஞ்சிரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற அந்த மீன் வசந்த காலத்தில் வந்தால் சிங்தாவ்காரர்களுக்குத் தலைகால் புரியாது.

"கண்ணைப் பாரு, எப்படிப் பளபளங்குது. உள்ள வெச்சுக் கொழுக்கட்டை பிடிச்சா அமிர்தமா இருக்கும்" என்றாள் சித்தி, தேக்லேவின் முகத்தைப் பார்க்காமல்.

தேக்லேவுக்குச் சுருக்கென்றது. வந்தவருக்கு நூடுல்ஸ், கிளம்புகிறவருக்குக் கொழுக்கட்டை. அந்தப் பக்கத்து வீடுகளில் இது குழந்தைக்கும் தெரியும். அவள் இந்த வீட்டுக்கு வந்த அன்று சித்தி நூடுல்ஸ்தான் போட்டாள். இன்றைக்குக் கொழுக்கட்டை மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்தாயிற்று.

மக்வாலா சாப்பாட்டு மேசையில் கோட்டின் பித்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அப்படித்தான். தங்குவது ஓட்டலில்; இங்கே வருவதும் போவதும் கோட்டோடு. அவள் ஆசையாகக் கொண்டுவந்த சுர்ச்கேலாவை, அதாவது வால்நட்டை நூலில் கோத்துத் திராட்சைக் கூழில் முக்கிக் காயவைத்த பலகாரத்தை, மெழுகுவத்தி என்று நினைத்து மெங் சித்தி கரண்ட் போனால் திறக்கும் இழுப்பறையில் போட்டுவிட்டாள். அந்த வருத்தம் வேறு.

வாசலில் பக்கத்து வீட்டு லுவான் எட்டிப் பார்த்து மெங் சித்தியைக் கேட்டாள்.

"என்னங்க, உங்க மக கனடாவுல பெரிய பாலம் கட்டுறாளாமே? கொடுத்து வெச்சவங்க நீங்க!"

"அட போங்க. பாலம் கட்டுறாளாம் பாலம்! ஒரு முட்டை அவிக்கத் தெரியாது. அலமாரியத் திறந்தா மூடத் தெரியாது. நின்னுக்கிட்டே திங்கும். ஒண்ணு சொன்னா ஒம்பது பேசும். உங்க பையனைச் சொல்லுங்க, தங்கம்!"

அந்தத் தங்கம் மூன்று வேலைகளிலிருந்து துரத்தப்பட்டு, இந்நேரம் மாடியில் போர்வைக்குள் போனில் விளையாடிக்கொண்டிருந்தது.

"தங்கமாவது! தண்டச்சோறு" என்று சொல்லிவிட்டு லுவான் சந்தோஷமாகப் போனாள்.

"என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று மக்வாலா கேட்டாள். மகளை 'அம்மா' என்று கூப்பிடுவது நமக்கு மட்டும் சொந்தமில்லை, ஜார்ஜியத் தாய்மாருக்கும் அதே பழக்கம்தான்.

"இல்லம்மா. குசலம் விசாரிக்கிறாங்க."

"நல்ல குசலம்!"

நண்பகலில் அம்மாவும் மகளும் அலுவலகம் போனார்கள். துவானைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று மக்வாலா பிடிவாதம். தன் வீட்டுத் தோட்டத்துத் திராட்சையில் தானே போட்ட ஒயின் ஒரு பாட்டில் கையில்.

"ஐயையோ, எதுக்குங்க இதெல்லாம்? வேண்டாங்க, வேண்டாம்" என்று துவான் பாட்டிலை இரண்டு கையாலும் தள்ளினார். மக்வாலா நெஞ்சோடு சேர்த்து அவர் கையில் திணித்தாள். மறுபடி தள்ளினார். தருவதா வேண்டாமா என்று அவள் குழம்புவதற்குள், ஒழுங்காக வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.

ஷ்வே நிங் தேநீர் கொண்டுவந்தாள்.

"வழியில அந்த அட்டைப்பெட்டிய யாரு வெச்சது? நீதானே? கண்ணு பிடரியிலயா இருக்கு? விருந்தாளி தடுக்கி விழுந்தா நீ போய்த் தூக்குவியா?"

ஷ்வே நிங் மூக்கைச் சுளித்துக்கொண்டு பெட்டியை நகர்த்தினாள். தேக்லேவுக்கு அவளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

அந்தப் பெட்டியின் மேல் லேபிள் கோணலாக ஒட்டியிருந்தது. ஒட்டியது தேக்லே. துவானின் பார்வை லேபிளில் விழுந்ததை அவள் பார்த்தாள். பார்வை அங்கே ஒரு கணம் நின்றது. சொல்லுங்க சார், காலால ஒட்டினியான்னு கேளுங்க சார் என்று அவள் மனசு கெஞ்சியது. அவரோ புன்னகையோடு மக்வாலா பக்கம் திரும்பிவிட்டார்.

"உங்க மகளைப்போல ஒரு பொண்ணை நான் பார்த்ததே இல்லைங்க. புத்திசாலி. கடும் உழைப்பாளி. எங்க மொழிய எங்களைவிட நல்லாப் பேசுறாங்க. நல்லா வளர்த்திருக்கீங்க. எங்க போனாலும் கொடிகட்டிப் பறப்பாங்க."

எங்க போனாலும்.

அதை அம்மாவுக்குச் சொல்லவேண்டியவளும் தேக்லேதான். ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

மக்வாலாவின் முகம் விளக்கேற்றினாற்போல் ஆயிற்று. எழுந்து போய், மேனேஜரின் இரண்டு கன்னத்திலும் பளிச் பளிச்சென்று முத்தம் கொடுத்துவிட்டாள். துவானின் காது சிவந்து போயிற்று. ஷ்வே நிங் தேநீர்த் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

துவான் லிஃப்ட் வரைக்கும் வந்து, கதவு மூடும்வரை கையாட்டினார். அலுவலக ஆளை எந்த மேனேஜராவது லிஃப்ட் வரை வந்து வழியனுப்புவாரா?

தெருவில் கடற்பனி இறங்கியிருந்தது. எதிர்ச் சாரிக் கூரைகளே தெரியவில்லை.

"கடல் இருக்கு கடல் இருக்குன்னு போன்ல சொன்னியே, எங்கம்மா அது?" என்றாள் மக்வாலா, நல்ல உற்சாகத்தில். "அந்த மனுஷன் சொன்னதைக் கேட்டியா? திபிலிசியில டூர் கம்பெனிக்காரன்கிட்ட உனக்கு வேலை பேசி வெச்சிருக்கேனே, அவன்கிட்ட இதை அப்படியே சொல்லணும். சம்பளத்தை ஏத்திக் குடுப்பான்."

தேக்லே தரையைப் பார்த்தபடி நடந்தாள்.

"ஏன், வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நான் இங்கயே இருக்கணும்னு நினைச்சேன்மா."

மக்வாலா நின்றுவிட்டாள். பிறகு மகள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள்.

"எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே ஓடிவந்தேன். நீ போன்ல பேசுறப்ப பின்னாலேர்ந்து அந்த வீட்டுக்காரம்மா ஏதாச்சும் சொல்லுவாங்க. நீ சிரிப்ப. என்னன்னு எனக்குப் புரியாது. நானும் கூடச் சிரிச்சு வெப்பேன். போனை வெச்சப்புறம், எதுக்குச் சிரிச்சோம்னு அந்தப் பெரிய வீட்ல ஒத்தையா உக்காந்து யோசிப்பேன். உங்கக்கா நம்ம நாட்டுக்குள்ளயே பத்தூமிக்குக் கட்டிக்கிட்டுப் போனா, அவ பேசுறது எனக்குப் புரியுது. நீ எனக்குப் புரியாத இடத்துக்குப் போய்ட்டியேன்னுதான்..."

அவள் கோட்டுக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேக்லே அம்மாவின் கையை இறுக்கிக்கொண்டாள். அம்மாவின் பக்கம் நியாயமே இல்லை என்றிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

வீட்டுக்கு வந்தபோது மெங் சித்தி மீனை முள் எடுத்துக் கொத்திக்கொண்டிருந்தாள். தேக்லேவின் பெட்டி வாசலருகே கட்டித் தயாராக இருந்தது. மக்வாலா கோட்டோடு மேசையில் உட்கார்ந்தாள். துவான் கொடுத்த பாராட்டின் ருசி இன்னும் நாக்கில் இருந்தது. இன்னொரு வாய் வேண்டும்போல் இருந்திருக்க வேண்டும்.

"அவங்களைக் கேளும்மா. இந்த வீட்ல நீ எப்படி இருந்தே? ஒளிக்காம உள்ளதைச் சொல்லச் சொல்லு."

தேக்லே கேட்டாள். சித்தி கத்தியை நிறுத்தவில்லை.

"இவளா? இவளைப் பத்தி என்ன சொல்ல! கெட்டிலை அடுப்புல வெச்சுட்டுப் புத்தகத்துல மூழ்கிடும். ரெண்டு கெட்டில் கருகிப் போச்சு. பனி கொட்டுற நாள்ல சாக்ஸ் போடாம நடக்கும். அலமாரியத் திறந்தா மூடத் தெரியாது. நின்னுக்கிட்டே திங்கும். ஒண்ணு சொன்னா ஒம்பது பேசும்."

முதல் இரண்டு குற்றச்சாட்டில் தேக்லேவின் முகம் சுண்டியது. மூன்றாவதில் அவள் நிமிர்ந்தாள். அலமாரி. நின்றுகொண்டு தின்பது. ஒன்றுக்கு ஒன்பது. காலையில் வாசலில் கேட்ட அதே வரிசை, சொல் மாறாமல். கனடாவில் பாலம் கட்டுகிறவளைத் திட்டிய அதே வாயால், அதே பாசத்தோடு.

அவள் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"என்னம்மா சொல்றாங்க? ஏன் அழறே? அப்படியே சொல்லு எனக்கு."

இந்த மூன்று நாளாக இரண்டு தாய்களுக்கும் நடுவே நின்று எத்தனையோ பேச்சுக்குத் தேக்லே சர்க்கரை தடவியிருக்கிறாள். மெழுகுவத்தி விவகாரத்தை 'பத்திரமா எடுத்து வெச்சிருக்காங்க' என்று சொன்னது அவள்தான். இப்போதும் தடவியிருக்கலாம். தடவ மனம் வரவில்லை. கிடைத்த புதையலைக் குறைத்துச் சொல்வாரா யாராவது? கெட்டில் முதல் ஒன்பது வரை, ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

மக்வாலா எழுந்து நின்றாள்.

"அப்படியா! அவ்வளவு பெரிய மனுஷன் என் பொண்ணைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறான், இந்தம்மாவுக்கு இளக்காரமாப் போச்சா? சொல்லு அவங்ககிட்ட. கூட்டிக்கிட்டுப் போறதுல உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல, நிம்மதியா இருங்கன்னு சொல்லு."

"அம்மா..."

"சொல்லுன்னா சொல்லு."

தேக்லே சொன்னாள். கத்திச் சத்தம் நின்றது. மெங் சித்தி கொத்திய மீனைக் கிண்ணத்தில் வழித்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அம்மா, அவங்க என்னைத் திட்டலை" என்றாள் தேக்லே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "காலைல பக்கத்து வீட்டம்மாகிட்ட அவங்க சொந்தப் பொண்ணைப் பத்தி இதையேதான் சொன்னாங்க. வார்த்தைக்கு வார்த்தை. ஊரான் பிள்ளையப் புகழுவாங்க. தன் பிள்ளைன்னா நாலு பேர் முன்னால மட்டம்தான் தட்டுவாங்க. இங்க அப்படித்தான்."

"திட்டினா மாலை, புகழ்ந்தா செருப்படியா? நல்ல ஊரும்மா இது! நம்ம வீட்டு விருந்துல ஒருத்தனைப் புகழாம ஒரு வாய் ஒயின் இறங்குமா?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "இரு. அப்படின்னா மத்தியானம் அந்த ஆளு உன்னைப் பத்தி...?"

"வழியனுப்பி வெச்சார்மா. வேலை இல்லைன்னு அர்த்தம்."

மக்வாலா உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அவனுக்கு முத்தம் வேற குடுத்துட்டு வந்தேனே!"

சிரிப்பு வரவில்லை இருவருக்கும். மக்வாலா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேண்டி வந்தது நடந்துவிட்டது. மகள் கூட வரப்போகிறாள், மறுபேச்சில்லாமல், கட்டிய பெட்டியோடு. ஆனால் மத்தியானம் அந்தப் பாராட்டைத் தனக்குச் சொல்லிக்கொண்டே இந்தப் பெண் உள்ளுக்குள் எப்படி நொறுங்கியிருக்கும் என்று நினைத்தபோது, ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் வரவில்லை. பெற்ற வயிறு அல்லவா?

அடுக்களைக் கதவு திறந்தது. மெங் சித்தி ஆவி பறக்கும் மூன்று கிண்ணங்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். முதல் கிண்ணத்தை மக்வாலாவின் முன் வைத்தாள்.

கொழுக்கட்டை இல்லை. கையால் வெட்டிய நீள நீளமான நூடுல்ஸ். மேலே மீன் உருண்டைகள்.

"சித்தி, கொழுக்கட்டை பிடிக்கறேன்னீங்களே?"

"மாவு தளர்ந்துபோச்சு. கொழுக்கட்டைக்கு ஆகாது."

மெங் சித்தி பிசைந்த மாவு தளர்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"அப்புறம், உங்கம்மா வந்த அன்னிக்கு ஓட்டல்லயே சாப்பிட்டுட்டேன்னாங்க. வந்தவங்களுக்கு நூடுல்ஸ் போடாம என் வீட்லேர்ந்து யாரும் போனதில்ல. நூடுல்ஸ் சாப்பிடலைன்னா இந்தத் தங்கச்சி இன்னும் வரவே இல்லைன்னு அர்த்தம். வராதவங்க எப்படிக் கிளம்ப முடியும்?" இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தவள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "என் பொண்ணு கனடா போன அன்னிக்கு ஒரு பெரிய சட்டி கொழுக்கட்டை பிடிச்சேன். சாப்பிட்டுட்டுப் போனா. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் கொழுக்கட்டைக்கு மாவு பிசைஞ்சேன். கை வரலம்மா, ஷியாவ்தே. ஒரு பிள்ளைக்குப் பிடிச்சாச்சு. இன்னொண்ணுக்குப் பிடிக்க வரல. உங்கம்மாகிட்ட இதைச் சொல்லவேண்டாம்."

"சொல்லுவேன்" என்றாள் தேக்லே. சொன்னாள். வேண்டாம் என்றதையும் சேர்த்தே சொன்னாள்.

மக்வாலா கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது. குச்சிகளை மண்வெட்டி பிடிப்பதுபோல் பிடித்து, இரண்டு முறை வழுக்கவிட்டு, மூன்றாவதில் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள். மெங் சித்தி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லும்மா அவங்ககிட்ட" என்றாள் மக்வாலா. "உப்பு கரிக்குது. நூல் ஒண்ணு தடியா, ஒண்ணு ஒல்லியா இருக்கு. இத்தனை வயசுக்கு ஒரு நூடுல்ஸ் வெட்டத் தெரியல."

தேக்லே பதறிப்போய் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கடைவாயோரம் மெல்லத் துடித்தது. கண் நிறைந்திருந்தது.

தேக்லே அப்படியே சொன்னாள்.

மெங் சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். தேக்லே அந்தச் சிரிப்பை இதுவரை கேட்டதே இல்லை. "தங்கச்சிக்கு நாக்கு நீளம்! கருவாட்டுக் கடையில வெச்சாலும் பொழைச்சுக்கும்!" என்று இடுப்புத் துணியால் கண்ணைத் துடைத்தாள். மக்வாலாவுக்கு அது புரியவில்லை. புரியாமலே அவளும் சிரித்தாள். இந்த முறை எதற்குச் சிரித்தோம் என்று யோசிக்கவேண்டியிருக்காது.

சிரித்துக்கொண்டே மக்வாலா கோட்டின் முதல் பித்தானைக் கழற்றினாள். பிறகு இரண்டாவது.

விமான நிலையத்துக்குச் சொல்லிவைத்திருந்த டாக்ஸி கீழே ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது.

"ஊதட்டும்" என்றாள் மக்வாலா. "வந்த வீட்ல பாதிச் சாப்பாட்டுல எந்திரிக்கலாமா? ஆனா இங்க வேலை இல்லாம நீ என்னம்மா பண்ணுவே?"

பெட்டியின் மேல் கிடந்த தேக்லேவின் போன் அப்போதுதான் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தாள். மேனேஜர் துவான்.

வழியனுப்பி வைத்தவர் மறுபடி எதற்குக் கூப்பிடுகிறார்? மிச்சம் வைத்த பாராட்டைச் சொல்லி முடிக்கவா? அந்தக் கோணல் லேபிள் ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கக் கூடாதா என்று தோன்றியது.

இரண்டு தாய்களும் அவளையே பார்த்தார்கள்.

'கடவுளே, திட்டட்டும்' என்று வேண்டிக்கொண்டு தேக்லே போனைக் காதில் வைத்தாள்.